வீரபாகு உலர்த்திய உடைமர விதைகள்

அந்த வாரம் முழுக்க வீரபாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைமுகத்தில் அவன் கப்பல் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். நிலக்கரி லாரி முகத்தில் கரியை வாரி அடித்துவிட்டுப் போனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு கையசைத்தான். எல்லாம் சந்தனமாரியால் வந்த வினை. கல்லூரியில் விதை ஆராய்ச்சி செய்கிறவள், ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அவள் ஆய்வகத்துக்குக் கப்பலில் வந்த மிஷினை எடுத்துக் கொடுக்கப்போன இடத்தில்தான் பழக்கம். ஒரு வருஷம் மென்று முழுங்கி, போன வாரம் ஒருவழியாக "என்னைக் கட்டிக்கிடுதியா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் விதை முளைக்கட்டும், சொல்லுதேன்" என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லையே! அது போதாதா?

அது முள் அடர்ந்த உடைமரத்து விதை. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய ஒரு பழைய மரத்தின் கடைசிக் கைப்பிடி விதை. ஏழு வருஷமாக எலும்பாய்க் காய்ந்து கிடந்ததற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை தோலைக் கீறி ஊறப்போட்டாள். மறுநாள் ஊரில் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. கரண்டு வேலை நடக்கிறதென்று ஆய்வகத்தையும் பூட்டிவிட்டார்கள். பஸ் கிளம்புகிற அவசரத்தில், ஈரத்துணியில் சுற்றிய விதைகளை ஒரு டப்பாவில் போட்டு ஜன்னல் வழியாக அவன் கையில் திணித்தாள்.

"பத்திரமா வச்சிக்கிடுங்க. என் உசுரே இதுலதான் கெடக்கு."

உயிரையே கொடுத்துவிட்டாள்! வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தவனுக்குப் பகீரென்றது. உள்ளே ஒரே ஈரம். கன்டெய்னருக்குள் ஈரம் கோத்தால் சரக்கு பூஞ்சை பிடித்து நாறிப்போகும். அவன் தொழிலில் அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பாவம், அவசரத்தில் நனைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். விதைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். சரக்கோடு போடுகிற, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் விதைகளை வைத்து, மூடியை டேப் போட்டு ஒட்டினான். அவள் எப்படியெல்லாம் மெச்சப்போகிறாள் என்று நினைத்து நினைத்துக் கிறுக்குப்பயலுக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் மூடியைத் திறந்த சந்தனமாரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு இதக் காய வச்சது?"

"நாந்தான். ஒரு பொட்டு ஈரம் இல்ல, பாத்தியா?"

"கொன்னுட்டியளே!"

வீரபாகு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். "ஏழு வருசம் காஞ்சுதான கெடந்துச்சு? இன்னும் ரெண்டு நாளு காஞ்சா என்ன?"

"அது வேற, இது வேற. மரத்துல இருக்கும்போதே விதை காயுததுக்குத் தயாராயிரும். ஒவ்வொரு செல்லும் சர்க்கரையைச் சேத்து வச்சிக்கிடும். தண்ணி போகப்போக அது உள்ளுக்குள்ள கண்ணாடியா இறுகிரும். எது எங்கன இருந்துச்சோ அங்கனயே நிக்கும், செல்லு நொறுங்காது. திரும்பத் தண்ணி குடிச்சா அந்தக் கண்ணாடி கரைஞ்சு முழிச்சிக்கிடும். ஆனா வேரு வெளிய எட்டிப் பாத்துட்டுன்னா அந்தக் கண்ணாடி வித்தை மறந்துபோவும். அப்புறம் காய வச்சா செத்துச்சு." சட்டென்று எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "வெள்ளையா முனை ஏதும் வந்திருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல. ஒவ்வொண்ணாத் தொடைச்சனே. வயிறு முட்டத் தின்ன மாதிரி உப்பி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்."

வேர் வரவில்லையென்றால் இன்னும் பிழைக்க வழியுண்டு என்று மறுபடியும் ஊறப்போட்டார்கள். அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தனமாரி, நான் கேட்டத விட்டுரு. எனக்குப் பதிலே வேண்டாம். இது பொழைச்சாப் போதும்" என்றான். கண் கலங்கிவிட்டது. அவள் அவனை வேலைக்கு விரட்டினாள்.

மறுநாள் மதியம் துறைமுகத்தில் கிரேனடியில் நின்றபோது போன் வந்தது.

"வந்துட்டு! ஒண்ணு ரெண்டு தவிர எல்லாத்துலயும் வேரு வந்துட்டு! முன்னமே ஒரு தடவ ஊறியிருந்ததுலா, நான் நெனச்சதுக்கு முன்னாலயே!"

வீரபாகு ஹெல்மெட்டைத் தூக்கி வானத்தில் எறிந்தான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் அற்புதமணியைக் கட்டிப்பிடித்து, கரி படிந்த கன்னத்தில் பச்சென்று முத்தம் வைத்தான். டீ கொட்டிப்போனது.

"ஏலே, பேய் கீய் பிடிச்சிட்டா?"

"முளைச்சிட்டு அண்ணாச்சி, முளைச்சிட்டு!"

போனில் அவள் கத்திக்கொண்டிருந்தாள். "லைன்ல இருக்கியளா? வேற ஒண்ணும் கேக்க மாட்டியளா?"

"கேக்கக் கூடாதுன்னுதான..."

"முளைச்சாச் சொல்லுதேன்னேன்லா?"

"சொல்லு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சனிக்கிழமையே காதுகுத்து வீட்டுல வச்சு எங்கம்மாட்ட சொல்லிட்டேன். உங்க வீட்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு வாங்க."

"சனிக்கிழமையேவா? அப்போ நேத்து டப்பாவத் தெறந்தப்போ..."

"விதை செத்திருந்தாலும் உங்களத்தான் கட்டியிருப்பேன். ஒரு மாசம் பேசியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."