நாமத்தலை வாத்தின் பொன்

தொண்டிக்குத் தெற்கே, கரையோரத்து ஆழமில்லாத கடலில் மேயும் காட்டு வாத்துகளின் நெற்றியில் இஞ்ஞாசிமுத்து பொன்னைப் பார்த்தார். அதே இடத்தில், அதே பைனாகுலரில், அதே வாத்துகளைப் பார்த்த ஆசைத்தம்பிக்கு அவை கரிக்கட்டைகளாகத்தான் தெரிந்தன. ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை. அவரோ காரைக்குடியில் நகை செய்யும் ஆசாரி. பொன்னைப் பார்ப்பதுதான் பிழைப்பு.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். இஞ்ஞாசிமுத்து கல்லல் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர், பைனாகுலர் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் அவர் கடற்கரைக்கு பஸ் ஏறுவார். ஆசாரிகளுக்கு விடுமுறை அமாவாசை. அன்று ஆசைத்தம்பி பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய், உச்சிக்கு முன்னால் திரும்பிவிடுவார். ஆளுக்கொரு நாள் போய் வந்து, பார்த்ததைப் பேசிக்கொள்வார்கள்.

"தலை பூரா செம்பு நெறம் மாப்ள. நடு நெத்தியில மஞ்சளா ஒரு பட்டை. அதான் நாமத்தலை வாத்துங்கிறது. அரியக்குடிப் பெருமாள் கோயில் ஆளுகள்லாம் மொத்தமாக் கடல்ல எறங்குனாப்புல இருக்கு. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன், பாத்தேன்" என்று ஆசைத்தம்பி சொல்லி வைத்தார். வேறென்ன சொல்வது? அவருடைய அப்பாவுக்குக் கண் போனதும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் தூரத்துப் பொருளெல்லாம் கறுத்தது. பிறகு உரைகல்லில் இழுத்த பொன்கோடே மங்கிப்போனது.

இந்த நேரம் பார்த்து வள்ளிக்கண்ணு ஆச்சி வீட்டிலிருந்து கழுத்திரு செய்ய அழைப்பு வந்திருந்தது. கழுத்திரு என்பது செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் ஏறும் தாலி. பொடிப்பொடியாக வேலை நிறைந்த பொன் உருப்படிகளைக் கோத்தது. கண்ணைப் பற்றிச் சந்தேகம் உள்ளவன் தொடக்கூடாத வேலை.

"ஆச்சி ரெண்டாந்தடவையா ஆள் விட்டுட்டாக" என்றாள் மனைவி நாகவல்லி. "நாளைக்குள்ள சொல்லலைன்னா மதுரைக்குப் போயிருவாகளாம். என்ன சொல்லப் போறீக?"

"நாளைக்குத்தானே அமாவாசை. கடலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."

"வாத்தைக் கேட்டுட்டு வந்துதான் சொல்லுவீகளாக்கும்!"

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் உண்மை.

எழுபத்திரண்டாம் வருஷம் தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கடலில் குளிக்கப் போகும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு ஆசைத்தம்பி முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். சூரியன் கடலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வாத்துகள் கடற்புல் மேய்ந்தன. உருண்டைத் தலை, குட்டை அலகு, கூரான வால் எல்லாம் கோடு போட்டாற்போலத் தெரிந்தன. நிறம் மட்டும் இல்லை. கண்ணாடியை வேட்டியால் துடைத்துப் பார்த்தார். அப்போதும் கறுப்புதான். பனை நிழலில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார். ஆச்சியிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"வாத்துப் பாக்க வந்தியா, ஒறங்க வந்தியா?"

உச்சி வெயிலில் இஞ்ஞாசிமுத்து தூக்குச்சட்டியோடு நின்றார். ஆசைத்தம்பி எழுந்து உட்கார்ந்தார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"எனக்கு அந்த நாமம் தெரியலடா. ஒருநாளும் தெரிஞ்சதில்ல. அப்பா மாதிரி ஆகப்போறேன்."

இஞ்ஞாசிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத் திறந்தார். "மொதல்ல சாப்புடு. அமாவாசைன்னு சந்தனமேரி எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்திருக்கா" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவி, பனையடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நிழல் கடல் பக்கமாக நீண்டது. "எனக்காக ஒருதடவை பாரு" என்று இஞ்ஞாசிமுத்து பைனாகுலரை நீட்டினார்.

வேண்டாவெறுப்பாக வாங்கிக் கண்ணில் வைத்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். செம்புத் தலை. அதில், அப்போதுதான் உரைகல்லில் இழுத்தது போல, பொன்பட்டை.

"டேய்! தெரியுதுடா! ஒவ்வொண்ணா தெரியுது!"

சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி பார்த்தார். ஆனால் காலையில் போன கண் மாலையில் எப்படித் திரும்பும்? காரணம் தெரியாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மேற்கே சூரியனுக்கு நேராகப் பிடித்தார். மோதிரம் கறுப்பாக இருந்தது. திரும்பி நின்று கடல் பக்கம் பிடித்தார். பொன்.

"பட்டறைப் புத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பட்டறையில் அவர் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். வெளிச்சம் எதிரே இருந்து கீழே கிடக்கும் நகையின் மேல்முகத்தில் விழும். குனிந்து பார்க்கும்போது கண்ணில் படுவதும் அதே மேல்முகம்தான். வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று உடம்பே பழகிவிட்டது. ஆனால் வாத்து நகை போலக் கீழே கிடக்கவில்லை, எதிரே மிதக்கிறது. காலைச் சூரியன் அதன் அந்தப் பக்கத்தில் அடிக்கிறது; அவர் பார்த்ததோ நிழல் விழுந்த இந்தப் பக்கத்தை. பூசை முடிந்து வருகிற இஞ்ஞாசிமுத்து காலை வாத்தைப் பார்த்ததே இல்லை.

"இதுக்காடா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்ச?"

"பஸ்ஸுக்கு நடடா. ஆச்சி வீட்டுக்குப் போய்ச் சரின்னு சொல்லணும்."

சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே நாகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

"வாத்து என்ன சொல்லுச்சாம்?"

"நம்ம பக்கத்துக் கடல் கிழக்க பாத்த கடல். காலையில வந்தா என் வடிவத்தை மட்டும் பாரு. நெறம் பாக்கணும்னா மத்தியானத்துக்கு மேல, வெயிலு முதுகுல விழ நின்னு பாருன்னுச்சு."