ஜெபக்காவுக்கு வார்த்தை வரவில்லை

“பதட்டப்படாதீங்க சார். எந்தக் கட்டடம், எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க. ஆள் கிளம்பிட்டாங்க. கதவு திறக்குற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”

இதைச் சொல்லும்போதே அவள் ஒரு கையால் தலைவலித் தைலத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மூச்சு வாங்க வாங்க என்னவோ சொன்னார். “ம்… சரி சார்… புரியுது சார்…” என்று அவளும் போட வேண்டிய இடங்களில் போட்டாள். நெற்றியில் தைலம் தடவி முடிக்கவும், மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் அவசர அழைப்பு அறை அது. லிஃப்டுக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். ஒரு அம்மாள் தன் கணவரைப் பற்றிய குறைகளைக் கொட்டத் தொடங்கி, கதவு திறந்ததும், “அதுக்குள்ள வந்துட்டாங்களா? இன்னும் பாதிகூடச் சொல்லலையே” என்று வருத்தப்பட்டதும் உண்டு.

“என்னக்கா, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறீங்களா?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. வாய்க்கு ஏற்றபடி அவளுக்கு அங்கே ஊசி என்று பெயர்.

“வாய் முழிச்சிருக்குல்ல? அது போதும்.”

ஊசி சிரித்தாள். சொன்னவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சபையில் அவளுக்கு ஜெபக்கா என்று பெயர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும், “ஜெபக்காகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் வாயைத் திறந்தால் குழாயைத் திறந்த மாதிரி. தடுமாற்றமே கிடையாது. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் தானாக வரும். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள்.

தங்கை இறந்த பிறகும் அந்தக் குழாய் நிற்கவில்லை. சிக்கலே அதுதான்.

வயிற்றில் கட்டி வந்து படுத்த தங்கைக்காக அவள் கேட்டதைப் போல் வேறு யாருக்காகவும் கேட்டதில்லை. கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், பேரம்கூடப் பேசிப் பார்த்தாள். தங்கை போய்விட்டாள். அடக்கம் முடிந்த அதே வாரம் ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒருவரின் முட்டிவலிக்காக எழுந்து நின்று உருக்கமாக ஜெபித்தாள். “என்ன விசுவாசம் பாருங்க!” என்று எல்லோருக்கும் மெய்சிலிர்த்தது. வாய் மட்டும்தான் பேசுகிறது, தான் அங்கே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து தனியாக முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் எழும்பவில்லை. கட்டிலில் தலை சாய்த்தபடி அப்படியே கிடப்பாள். ஸ்கூல் பஸ் ஓட்டும் கணவன் வந்து எட்டிப் பார்ப்பான்.

“முழங்கால்ல நின்னுக்கிட்டே தூங்குற வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன். சிக்னல்ல உதவும்.”

“ஜெபம் பண்றேங்க.”

“குறட்டையோடயா?”

கேலி செய்துவிட்டு அவனே போர்வையை எடுத்து அவள் தோள்மேல் போடுவான். அவனிடம்கூட அவள் உண்மையைச் சொன்னதில்லை. ஜெபக்காவுக்கு ஜெபம் வரவில்லை என்பதை வேறு எப்படித்தான் சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் பாதி வழியில் நின்றன. தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. இடையில் அவளுடைய சொந்த போன் அடித்தது. சபையில் எல்லோருக்கும் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். நெஞ்சைத் திறந்துதான் பண்ணணுமாம். எப்பவும் போல இன்னிக்கும் கூட்டத்துல நீங்க ஜெபம் பண்ணிடுங்க. நீங்க பண்ணிட்டா எனக்கு அது போதும்.”

“பண்றேம்மா” என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு மனுஷனின் உயிர். அதற்குப் போய் வெறும் வாயையா கொடுப்பது?

மாலையில் சீக்கிரமே சபைக்குப் போனாள். போதகர் இரைச்சல் போடும் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், இன்னிக்கு வேற யாரையாவது ஜெபம் பண்ணச் சொல்லுங்க. எனக்கு முடியல. உள்ள ஒண்ணுமே இல்ல.”

“இந்தத் தாழ்மைதாம்மா உங்க பலமே!” என்றார் அவர், மைக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்களுக்கே இல்லன்னா நாங்கள்லாம் எங்க போறது? ஹலோ, ஹலோ… இப்பக் கேக்குதா?”

“நல்லாக் கேக்குது பாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. போதகரின் செய்தி முடிந்தது. தையல்காரம்மாவை முன்னால் அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜெபக்கா அவள் தோளில் கை வைத்துக் கண்களை மூடினாள். குழாய் திறந்தது.

“அன்பும் இரக்கமும் நிறைந்த ஆண்டவரே, உம்முடைய பிள்ளைக்காக உம்முடைய சமூகத்தில் வந்து நிற்கிறோம்…”

“ஆமென்” என்றன பின்வரிசைகள்.

தையல்காரம்மா அழத் தொடங்கினாள். வாய்விட்டு அழவில்லை. அடைத்த இடத்தில் காற்றுக்குத் தவிப்பவர்களைப் போல் விட்டுவிட்டு மூச்சு இழுத்தாள். காலையிலிருந்து ஹெட்போனில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே சத்தம். ஜெபக்காவின் வாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

“பதட்டப்படாதீங்க ஆண்டவரே. ஆள் கிளம்பிட்டாங்க. எந்த மாடியில நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர், “ஆமென்” என்றார்.

அடுத்த நொடி கீபோர்டு வாசிப்பவரின் கை எங்கேயோ பட்டு ஒரு சுரம் அலறியது. நடுவரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார். ஜெபக்கா கண்ணைத் திறந்தாள். ஒரு புன்னகையோடு மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். ஆனால் தையல்காரம்மா ஈரக் கண்களோடு அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஜெபம் வரல” என்றாள் ஜெபக்கா. மைக்கில் அது தெளிவாகவே கேட்டது. “இன்னிக்கு மட்டும் இல்ல. என் தங்கச்சி போனதுலேருந்தே வரல. இத்தனை நாளும் உங்களுக்கெல்லாம் என் வாய்தான் ஜெபம் பண்ணுச்சு. என்னை மன்னிச்சிடுங்க.”

மைக்கைப் போதகர் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். போதகர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். சுருதி சேரவில்லை.

கூட்டம் கலைந்தது. கிட்டே வந்த ஒன்றிரண்டு பேர், “வேலை ஜாஸ்தி போல. நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்” என்றார்கள். மற்றவர்கள் செருப்பு மாட்டும் சாக்கில் குனிந்தபடியே நகர்ந்தார்கள். போதகர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். “நீங்க சொன்னப்பவே நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபக்கா எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தையல்காரம்மா.

“அப்ப எங்க வீட்டுக்காரருக்காக நீங்க பண்ணினதெல்லாம்?”

“பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் அதுல இல்ல.”

திட்டட்டும் என்று ஜெபக்கா காத்திருந்தாள். தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“அவருக்கு உடம்பு முடியாம போனதுலேருந்து நான் ஒருநாள்கூட ஜெபம் பண்ணலக்கா. நீங்கதான் பண்றீங்களேன்னு விட்டுட்டேன். துணியை வெளுக்கப் போடுற மாதிரி உங்ககிட்ட போட்டுட்டு நான் பாட்டுக்கு மெஷினை மிதிச்சிட்டு இருந்தேன்.”

“நல்ல ஜோடிதான் நாம.”

“சிரிக்காதீங்கக்கா. இப்ப யாரு பண்றது?”

சாவி வைத்திருக்கும் சபை ஊழியர் முன்வரிசையிலிருந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். தையல்காரம்மா சட்டென்று ஜெபக்காவின் தலையில் கை வைத்தாள். விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்திருந்தன.

“ஆண்டவரே… எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. இந்த அக்கா ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் கேட்டாங்க, இவங்களுக்கு யாரும் கேக்கல. நானும் கேக்கல. இவங்களைக் கொஞ்சம் பாத்துக்குங்க. அப்புறம்… அவ்வளவுதான். ஆமென்.”

ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. தலைவலிகூட விடவில்லை. ஆனால் தனக்காக ஒருவர் ஜெபிப்பதைக் கடைசியாகக் காதால் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள் ஜெபக்கா. நினைவுக்கு வரவில்லை. வாயைத் திறந்தாள். குரல் கரகரத்தது.

“எனக்கு உங்க மேல கோவம் ஆண்டவரே” என்றாள். சொல்லிவிட்டுத் தானே பயந்தாள். தையல்காரம்மா கையை எடுக்கவில்லை. “நான் கேட்டேன்ல? அவ்வளவு கேட்டேன்ல? ஒருத்தியைத்தானே கேட்டேன். ஏன் தரல?” நெடுநேரம் அழுகைதான் வந்தது. அடக்கத்தன்று வந்திருக்க வேண்டிய அழுகை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இதோ, இவங்க வீட்டுக்காரருக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். காப்பாத்துவீங்களா மாட்டீங்களா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனாலும் கேக்குறேன். உங்ககிட்ட இல்லாம நான் வேற யார்கிட்ட போய்க் கேக்குறது? அந்த மனுஷன்…”

வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்தது என்னவென்று தெரியாமல் தேடினாள். தேடித் தேடித்தான் ஒவ்வொரு வார்த்தையாக எடுக்க வேண்டியிருந்தது.

சபை ஊழியர் அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கே வந்துவிட்டார். “அம்மா, பூட்டணும். இன்னும் முடியலையா?”

தையல்காரம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

“கொஞ்சம் இருங்கண்ணா. அக்கா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க.”