இடப்பக்கத்து நாலு கொம்பியூட்டர்

யுத்தம் முடிந்த அந்த வருசம், கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஸுஹைறா நடத்திய கொம்பியூட்டர் கடையில் கார்ப் பந்தயத்தின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. எல்லாம் திரைக்குள் ஓடுகிற கார்கள்தான். இடப்பக்கச் சுவரோரம் நாலு கொம்பியூட்டர், வலப்பக்கச் சுவரோரம் நாலு. இடப்பக்கம் தமிழ் ஊரான பாண்டிருப்பின் அணி, தலைவன் கிசோக். வலப்பக்கம் பக்கத்து முஸ்லிம் ஊரான மருதமுனையின் அணி. அதன் தலைவன் றிபாஸ், ஸுஹைறாவின் கணவனுடைய தம்பி. சுற்றி நின்ற பொடியன்மாரின் மூச்சிலேயே அறை புழுங்கியது. கிசோக்கைத் தனியே விட மனமில்லாமல் கூட வந்த தகப்பன் நல்லரெத்தினம் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

கிசோக்கின் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது அவனுடைய திரை சட்டென்று கறுத்தது. கொம்பியூட்டர் தானாக அணைந்து மறுபடியும் முதலிலிருந்து கிளம்பியது. பந்தயத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்கள். இம்முறை அவனுடையதும் பக்கத்தில் இருந்ததும் சேர்ந்தே அணைந்தன. வலப்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சூடுதான் காரணம் என்று ஸுஹைறா நினைத்தாள். நாலு பெட்டிகளின் பக்கத் தகட்டையும் கழற்றினாள். மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து, அந்த வரிசைக்குக் கரண்ட் வரும் அதே சுவர்ப் பிளக்கில் செருகி, காற்றைப் பெட்டிகளுக்குள் திருப்பிவிட்டாள். மூன்றாம் முறை பந்தயம் தொடங்கி முதல் வளைவுகூடத் தாண்டவில்லை, நாலும் ஒன்றாகச் செத்தன.

கிசோக் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் விழுகுது, மிஸ்? இந்தப் பக்கத்த ஆரு செட் பண்ணின?"

எட்டையும் தயார்படுத்தி வைத்தவன் றிபாஸ். கடைச் சாவியையும் ஸுஹைறா அவனிடம்தான் கொடுத்திருந்தாள். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணை எடுத்துவிட்டான்.

தோற்கப்போகிறவன் அப்படித்தான் கதைப்பான் என்று மருதமுனைப் பக்கத்திலிருந்து ஒருவன் சொன்னான். பாண்டிருப்புப் பொடியன் ஒருவன் அவன் சட்டையில் கை வைத்தான். வெளியே நின்றவர்களும் என்னவென்று தெரியாமலே உள்ளே நெருக்கத் தொடங்கினார்கள். இந்த ஊர்களில் இதைவிடச் சின்ன விசயத்துக்குக் கடைகள் பூட்டப்பட்டதை ஸுஹைறா பார்த்திருக்கிறாள்.

ரெண்டு அணியும் இடம் மாறி இருக்க வேண்டும் என்று அவள் சத்தமாகச் சொன்னாள். றிபாஸ் மாட்டேன் என்றான். தன்னைக் கள்ளன் என்று ஒத்துக்கொள்வதுபோல் ஆகிவிடும் என்றான். அவன் மறுக்க மறுக்க அவளுடைய சந்தேகம் இறுகியது.

"மாறி இரு, றிபாஸ். இல்லாட்டிப் போட்டி இத்தோட முடிஞ்சி."

அவன் முகம் கறுத்துப்போய்க் கிசோக்கின் கதிரையில் வந்து உட்கார்ந்தான். பந்தயம் தொடங்கியது. ஸுஹைறா றிபாஸின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவனுடைய திரை நடுங்கியது, பிறகு கறுத்தது.

அதே நேரம் அவள் மூக்கில் ஒரு வாடை ஏறியது. பிளாஸ்டிக் கருகும் வாடை. விசிறி போட்டபின் கொம்பியூட்டர்கள் முன்னதாகவே விழுந்தது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. சூட்டில் இல்லை, றிபாஸிலும் இல்லை, கரண்டில்தான் கோளாறு. மேசைக்குக் கீழே அந்தச் சுவர்ப் பிளக்கிலிருந்து நூல்போலப் புகை வந்தது. அதைப் பிடுங்கிவிட றிபாஸ் குனிந்து கையை நீட்டினான்.

"தொடாத!"

கத்திக்கொண்டே பாய்ந்து வந்த கிசோக்தான் றிபாஸின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். மெயின் சுவிட்ச் வாசல் பக்கம் இருந்தது. நடுவில் அத்தனை சனம். ஸுஹைறா நல்லரெத்தினத்தைப் பார்த்து, தலைக்கு மேலே இருக்கிற சுவிட்சைக் கீழே இழுக்கச் சொல்லிக் கத்தினாள். அவர் எட்டி இழுத்தார். திரைகளும் விசிறிகளும் ஒன்றாக நின்றன. மேசைக்குக் கீழே மட்டும் சின்னதாய் ஒரு சுவாலை தெரிந்தது. யாரோ கொண்டுவந்த வாளி மணலைக் கொட்டி அதை அணைத்தார்கள்.

மறுநாள் கரண்ட் வேலை செய்கிறவர் வந்து சுவரைக் கொத்தினார். உள்ளே வயர்கள் பொருந்துகிற இடம் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. கடை இருந்த அந்த வாடகை வீட்டில் சுனாமித் தண்ணீர் ஆளுயரத்துக்கு நின்றதாம். வீட்டுக்காரர் வயரை மாற்றாமல் மேலே பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார். ஒரு கொம்பியூட்டரில் பாட்டுக் கேட்டாலோ கடிதம் அடித்தாலோ அந்த வயர் தாங்கியது. நாலிலும் ஒன்றாகக் கார் ஓடியபோது தாங்கவில்லை. ஸுஹைறா அந்தச் சுவரில் கையை வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இத்தனை நாளும் இதில் காலை ஊன்றிக்கொண்டுதான் விளையாடினார்கள்.

வயர் மாற்றி முடியும்வரை போட்டி இல்லை என்று கிசோக்குக்கு அவளே போன் எடுத்துச் சொன்னாள். முதலிலிருந்து ஓடுவதென்றால் வருகிறோம் என்றான் அவன். றிபாஸைப் பற்றி ஏதும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

றிபாஸ் கடைக்கு வந்து, பெட்டிகளின் தகடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினான். கடைசித் தகட்டைப் பூட்டும்போது நிமிராமலே கேட்டான்.

"நீங்களும் என்னத்தானே நெனைச்ச, மைனி?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் அதை நம்பவும் கூடும்.

"ஓம்," என்றாள் ஸுஹைறா.

அவன் திருகாணியை முடுக்கிவிட்டு, கடைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். அவள் அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அவன் சாவியோடுதான் வெளியே போனான்.