மண்டபத்தில் வாசிக்காத கவிதை

லிங்கேஸ்வரன் பாட்டென்றால் விக்னேஸ்வரிக்கு உயிர். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடி, கோலாலம்பூர் வரை பேர் வாங்கியவன். அவனுடைய கவிதைத் தொகுப்பு வெளியாகும் நாளில், தேயிலை ஆலையில் வேலை பார்க்கும் தன்னை, புத்தகத்தைப் பாராட்டிப் பேசக் கூப்பிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

எஸ்டேட் மாரியம்மன் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. முந்தின நாள்தான் கைக்கு வந்த புத்தகத்தில் அவள் பாதிதான் படித்திருந்தாள். ஆலையில் கொழுந்து வாடும் வாசனையைப் பற்றிய கவிதையைச் சொல்லிப் புகழ்ந்தாள். பொய்யில்லை, நல்ல கவிதை. கைதட்டினார்கள்.

"அக்கா, கடைசிக் காதல் கவிதைய வாசிங்க லா. அதான் என் அடுத்த பாட்டு," என்றான் லிங்கேஸ்வரன்.

பக்கத்தைப் புரட்டினாள்.

பனி விலகலையே, மலைரோடு தெரியலையே,
லோரிச் சத்தம் கேக்காம வாசலிலே நிக்கிறேனே.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதலாம், காதல். ரிங்லெட் மலைரோட்டு வளைவில் லோரி கவிழ்ந்து செத்த கணவன் விஜயனை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அவள் வைத்த ஒப்பாரி இது. ஒரு சொல் மாறவில்லை.

"இது எங்கருந்து வந்துச்சு தம்பி?"

"வழியில போறப்ப ஏதோ ஒரு சாவு வீட்டுல போன்ல புடிச்சதுக்கா. பொம்பளைங்க கட்டிப்புடிச்சு குனிஞ்சு அழுதாங்க, யாருன்னு தெரியல. காதலுக்குப் பொருத்தமா இருந்துச்சு."

யாரென்று தெரியவில்லையாம். இழவு வீட்டில் போனை நீட்டியவனையா இத்தனை நேரம் வாயாரப் புகழ்ந்தோம்! மிச்ச அடிகள் தொண்டைவரை வந்துவிட்டன. ஆனால் சாமி இருக்கிற இடத்தில் ஒப்பாரி வைப்பது ஆகாது. புத்தகத்தை மூடினாள்.

"இத இங்க வாசிக்கக் கூடாது. எல்லாரும் வெளிய வாங்க."

ஏதோ புதுமை என்று கூட்டம் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தது. கோயில் மதிலைத் தாண்டி, தேயிலைச் செடிகளின் ஓரத்தில், ஈர மண்ணில் விக்னேஸ்வரி உட்கார்ந்தாள். முதலிரண்டு அடிகளை இழுத்துப் பாடினாள். பிறகு புத்தகத்தில் இல்லாத அடி வந்தது.

"பேரு சொல்லாத வாயாலே விஜயான்னு கூப்புடுறேன்..."

சிரிப்பு நின்றது. அன்றைக்கு அவளோடு சேர்ந்து அழுத ஜெயா முதலில் உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அடுத்து மலர், துளசி. அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

லிங்கேஸ்வரன் முகம் வெளுத்துப்போய் அருகில் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"குறுக்க பேசாத தம்பி," என்றாள் ஜெயா, தலை நிமிராமல். "சாவு நடந்த வீடு."