அந்த ஒற்றை ‘எ’

ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை கேட்கப் போன இஸ்திரிக்காரி திரும்பி வந்தபோது, அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

சலவைக் கடை முதலாளி அவளுடைய மேஜையில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூட்டுவலி தாங்காமல் கடையை மூடப்போகிறார். நல்ல மனுஷர்தான். அவளைத் தெருவில் விட்டுவிடக்கூடாதென்று ஹோட்டலில் சொல்லிவைத்ததே அவர்தான். நேற்று அங்கிருந்து சூப்பர்வைசரம்மா போனில் விசாரித்தபோது, தமிழில்தான் ஆரம்பித்தாராம். இவர்தான் கௌரவமாக இருக்கட்டுமென்று ஆங்கிலத்துக்குத் தாவினார். இஸ்திரிக்காரி எதிரில் நின்று, தன் புகழைத்தான் பாடுகிறார் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் எரிந்தது.

“என்னம்மா, எப்போ சேரச் சொன்னாங்க?”

“என் மேல யாரு புகார் சொன்னது?”

“என்ன புகார்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். ‘எ ஃப்யூ கம்ப்ளைன்ட்ஸ்’னு சொன்னீங்களாம். உங்க முதலாளியே சில புகார் இருக்குன்னு சொல்றாரு, நாங்க எப்படிம்மா எடுக்கறதுன்னு சூப்பர்வைசரம்மா கேக்கறாங்க.”

“அடடா, கொஞ்சம்தான்னு சொன்னேம்மா! கொஞ்சமா இருந்தா நல்லதுதானே?”

“வெறும் ‘ஃப்யூ’ன்னா இல்லாத மாதிரியாம். முன்னால ‘எ’ போட்டா இருக்குன்னு அர்த்தமாம்.”

முதலாளிக்குச் சுருக்கென்றது. “ஒரு எழுத்துலயா என் இங்கிலீஷ் கெட்டுப்போச்சு?”

ஒரு எழுத்தாம்! தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? சாப்பாடு கொஞ்சம் இருக்கு என்றால் வந்தவர் கை கழுவிக்கொண்டு உட்காருவார். கொஞ்சம்தான் இருக்கு என்றால், பசியில்லை என்று எழுந்து போய்விடுவார். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வேறொன்றும் உறைத்திருந்தது.

“எழுத்து கிடக்கட்டும் முதலாளி. அந்தக் கொஞ்சம் எங்கேருந்து வந்துச்சு? இத்தனை வருஷத்துல ஒரு பட்டன் போச்சு, ஒரு மடிப்பு கோணலாச்சுன்னு எவராவது வந்து நின்னாங்களா? ஒருத்தரைச் சொல்லுங்க.”

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எங்கே வைக்கிறோம் என்று பாராமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் காதைச் சொறிந்தார்.

“யாரும் இல்லம்மா.”

“அப்புறம்?”

“புகாரே இல்லைன்னா நம்புவாங்களா? வேண்டியவங்கன்னு ஏத்திச் சொல்றேன்னு நினைப்பாங்க. அதான், ஒரு பேச்சுக்கு...”

ஒரு பேச்சுக்கு! கழுத்துப்பட்டியில் ஒரு சுருக்கம் தெரிந்தால், கேட்க ஆளில்லாதபோதும், மறுபடி நனைத்துத் தேய்த்தவள் அவள். கை வெந்ததும் இடுப்பு ஒடிந்ததும் ஒரு பேச்சுக்குப் போய்விட்டது. உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டார்களாம், இல்லாத குறையைச் சேர்த்தால்தான் நம்புவார்களாம். எந்த ஊர் நியாயம் இது?

“போன் போடுங்க,” என்றாள்.

“சாயங்காலமா...”

“இப்பவே போடுங்க.”

போட்டார். மணி அடிக்கும்போதே, “ஃப்யூ... ஃப்யூ...” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்முனையில் குரல் கேட்டதும் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மேடம், நான்தான், காலையில வந்தேனே. நோ கம்ப்ளைன்ட் மேடம். முதலாளி பக்கத்துலதான் நிக்கறாரு, கேளுங்க.”

“ஒண்ணுகூடவா இல்ல?” என்றது குரல், நம்பாமல்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. வெள்ளைச் சட்டையின் முதுகில் முதலாளி படுக்கவைத்த பெட்டியின் அடியிலிருந்து மெல்லப் புகை எழுந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை பழக்கத்தில் பெட்டியை நோக்கிப் பாதி தூரம் போய், அப்படியே நின்றது.

“ஒண்ணுகூட இல்ல மேடம்,” என்றாள், பெட்டியின் விளிம்பில் பழுப்பு பரவுவதைப் பார்த்தபடி.