ஜின்னியாவுக்குச் சாயந்திரத் தண்ணீர்

மூத்த மருமகளின் ஜின்னியாப் பூக்களை நின்று பார்க்காமல் அந்தத் தெருவில் யாரும் போவதில்லை. தையல் வேலை செய்யும் இளைய மருமகளுக்கும் அந்த வருடம் ஆசை வந்தது. குளிர் விலகியதும் விதைப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

“அக்கா, இதை எப்படிப் போடணும்?”

“நெருக்கமா தூவு. தினம் சாயந்திரம் தலையோட தண்ணி ஊத்து. இலை நல்லா நனையணும்.”

மூத்தவள் தன் செடிகளுக்கு ஓரடி இடம் விட்டிருந்தாள். காலையில் வேரடியில் மட்டும்தான் தண்ணீர் விடுவாள். ஆனால் மாமியாருக்கு எதற்கெடுத்தாலும் சின்னவள் புராணம்தான். பூவிலாவது தன் பெயர் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

சின்னவள் ஒரு நாள் தவறாமல் ஊற்றினாள். மொட்டு விடும் நேரத்தில், மாவு தூவியதுபோல இலையெல்லாம் பூஞ்சை படர்ந்து செடிகள் சுருண்டன.

“நீங்க சொன்னபடிதானே செஞ்சேன். எங்க தப்பாச்சு, அக்கா?”

மாமியாரும் பக்கத்தில் நின்றாள். மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“உன் மேல தப்பில்லம்மா. சிலருக்குக் கைராசி அப்படி. வயித்துல வந்ததே ரெண்டு தடவை தங்கலையே.”

“எனக்கும் அதுதான் தோணுச்சு” என்றாள் மாமியார்.

சின்னவள் செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி, “கொஞ்சம் புடிங்க” என்று கைக்குழந்தையை நீட்டினாள். சின்னவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.