இடது பக்கக் கண்ணாடி

“அத்தை, கார் சாவி எங்க?” என்று மருமகன் மறுபடியும் வந்து கேட்டபோது, சாவி அவளுடைய கைக்குள்தான் இருந்தது.

“தேடணும்” என்றாள்.

“சீக்கிரம் தேடுங்க. அத நகர்த்தினாத்தான் மாமாவ ஏத்துற வண்டி வாசலுக்குள்ள வர முடியும்.”

கூடத்தில் அவரைக் கிடத்தி, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் இவ்வளவு நேரம் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கொடுத்து வைத்த மனிதர், ஆசைப்பட்ட காரிலேயே தூக்கத்தில் போய்விட்டார். தூக்கத்தில் என்று முதலில் சொன்னது அவள்தான்.

அவர் தாலி கட்டியது அவளுக்கு, குடும்பம் நடத்தியது அந்தப் பழைய காரோடு. அதன் இடது பக்கக் கண்ணாடியை எவ்வளவு ஏற்றினாலும் மேல் மூலையில் ரப்பரோடு சேராது. நகம் நுழைகிற இடைவெளிதான். அதற்காகப் புது ரப்பர் போட்டார், கதவைப் பிரித்துக் கண்ணாடி ஓடும் தடத்தை நிமிர்த்தினார், தாள் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

கடைசிச் சோதனை தண்ணீர். கண்ணாடிக்குக் கீழே கதவின் உள்பக்கம் செய்தித்தாளை ஒட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். அவள் வெளியே நின்று குழாயால் பீய்ச்ச வேண்டும். அவர் கண்ணாடியைத் தட்டினால் ஒழுகுகிறது, அங்கேயே பிடி என்று அர்த்தம். அவர் இறங்கி வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒருமுறை கை வலித்து நிறுத்திவிட்டாள். “உனக்கு எதையாவது உருப்படியா முடிக்கத் தெரியுமா?” என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார்.

நேற்று மதியமும் தட்டினார். அவள் அந்த இடத்தில் பிடித்தாள். மறுபடி தட்டினார். விடாமல் தட்டினார். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, அவர் முகத்துக்கு நேராக, கண்ணாடி முழுக்கத் தண்ணீர் மறைக்கும்படி அடித்தாள். “தட்டு, நல்லாத் தட்டு” என்றாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல என்ன இருக்கிறது. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்தாள். அப்புறம், கோபம் தணிந்ததும் தானாக வரட்டும் என்று குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போய் டீ குடித்தாள்.

பிறகு வந்து பார்த்து அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, சரிந்து கிடந்தவரை வலது கதவு வழியாகத்தான் இறக்கினார்கள். இடது கதவை யாரும் திறக்கவில்லை. அந்தத் தாள் அங்கேயே இருக்கிறது. ஒழுகியிருந்தால் அது நனைந்து, இப்போது காய்ந்திருந்தாலும் சுருங்கிப்போயிருக்கும். அப்படியென்றால் அவர் ஒழுகலுக்குத்தான் தட்டினார். சுருங்காமல் இருந்தால், அவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

மகள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். “குடிம்மா. நேத்துலேர்ந்து ஒண்ணுமே குடிக்கல நீ.”

அவள் தம்ளரோடு எழுந்தாள்.

“எங்கம்மா போற?”

“உங்கப்பா செருப்பு கார்லயே கிடக்கு.”

வலது கதவைத் திறந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். ரப்பர் பசையின் வாடை போகவில்லை. தாள் அவர் ஒட்டிய மேனிக்கு இருந்தது, ஒரு சுருக்கம் இல்லை. மேல் மூலையில் விரலை வைத்து அழுத்தினாள். நகம் நுழையவில்லை. மனிதர் சாதித்துவிட்டார்.

அவருடைய விரல் தடங்கள் மூலையில் இல்லை. கண்ணாடியின் நடுவில், நேற்று அவள் நின்ற இடத்துக்கு நேராக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மகள் யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தம்ளரை மேல் மூலையிலிருந்து நடுவரைக்கும் ரப்பரோடு சேர்த்துச் சாய்த்தாள். தண்ணீர் விரல் தடங்களின் மேல் இறங்கித் தாளுக்கு வந்தது. தாள் கறுத்து உப்பியது. மிச்சமிருந்த தடங்களை உள்ளங்கையால் துடைத்தாள். செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, சாவியை மருமகனிடம் கொடுத்தாள்.

அவன் காரைச் சுற்றிவந்து, மாமா மல்லாடிய இடது கதவைத் திறந்து பார்த்தான். “அடடா, உள்ள தண்ணி இறங்கியிருக்கே! பாவம் மாமா. கடைசி வரைக்கும் இத சரி பண்ண முடியலையே.”

நாற்காலியிலிருந்த அவருடைய அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டே, “அவன் என்னைக்கு எத உருப்படியா முடிச்சான்?” என்றார். அழுகைக்கு நடுவில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

“ஆமா” என்றாள் அவள்.

மகள் கையை நீட்டித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“குடிச்சிட்டியாம்மா?”

“குடிச்சிட்டேன்.”